கறி என்றால் காய்

சொர்ணலதாவைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரிந்ததும் என் பெரியப்பா மகன் ஸுமந்த் போன் செய்து, "அக்கா, ஹோக்லி பிடு, போகட்டும் விடு, பழைய விஷயம்" என்றான். பழைய விஷயமாம். போன வைரமுடி உற்சவத்தின்போது மேலுக்கோட்டையில் நடந்தது. அதற்குள் அவனுக்குப் பழசாகிவிட்டது. எனக்கு ஆகவில்லை, அவளுக்கு நிச்சயமாக ஆகவில்லை. அதனால் எழுதத்தான் போகிறேன். எங்கள் குடும்பத்தில் யாருக்கு வயிறு எரிந்தாலும் சரி.

அவள் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் மைசூரில் பாதிப் பேர் அவளைத் தங்களுக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சொர்ணலதா தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர் பக்கத்துக்காரி. வீட்டில் தமிழ், சந்தையில் கன்னடம் என்று வளர்ந்தவள். சென்ட்ரிங் வேலை செய்யும் பழனியைக் கட்டிக்கொண்டு மைசூருக்கு வந்து, மேட்டகள்ளியில் ஒரு சந்தில் ஷீட் போட்ட வீட்டில் குடியேறினாள். சத்தமாகச் சிரிப்பாள், அதைவிடச் சத்தமாகச் சண்டை போடுவாள். வாடின கறிவேப்பிலையைக் கொண்டுவந்து தலையில் கட்டப் பார்த்த காய்கறிக்காரனை அவள் கேட்ட கேள்வியில், அவன் அதற்குப் பிறகு எங்கள் தெருப்பக்கம் வரும்போதெல்லாம் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கூவுவான்.

கிருஷ்ணமூர்த்திபுரத்தில் என் பெரியப்பா நரசிம்மமூர்த்தி நடத்துகிற கேட்டரிங்குக்குப் பாத்திரம் தேய்க்கத்தான் அவள் வந்தாள். நாங்கள் மண்டயம் ஐயங்கார்கள். பல தலைமுறைகளாக மேலுக்கோட்டை, மைசூர் என்றே இருக்கிறவர்கள். வீட்டில் நாங்கள் பேசுவது சென்னைக்காரர்கள் கேட்டால் சிரிக்கிற ஒரு பழைய தமிழ். ரசம் எங்களுக்குச் சாத்தமது. பாயசம் திருக்கண்ணமது. காய்ப் பொரியல் கறமது. அவசரத்தில் வெறும் கறி. பீன்ஸ் கறி, வாழைக்காய் கறி, கொத்தவரங்காய் கறி. எங்கள் வீட்டில் பிறந்த குழந்தை 'அம்மா' என்பதற்கு அடுத்தபடியாகச் சொல்லும் சொற்களில் இதுவும் ஒன்று. யாரும் இதைப் பற்றி இரண்டாவது தடவை யோசித்தது கிடையாது.

வேலைக்கு வந்த முதல் நாள், பெரியம்மா லக்ஷ்மம்மா உள்ளேயிருந்து, "சொர்ணா, பாத்திரம் ஆயித்துன்னா வா, கறிக்கு நறுக்கணும்" என்று கூப்பிட்டாள். சொர்ணலதா கை ஈரத்தைப் புடவையில் துடைத்தபடி வந்தவள், பூஜை அறையான பெருமாள் உள் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலை அடக்கி, "ஏனுங்ம்மா, சாமி பாத்துட்டு இருக்கறப்பவேங்களா? ஆட்டுக்கறிங்களா, கோழிங்களா?" என்றாள். பெரியம்மாவுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடி அசடே! கறின்னா காய்டி!" என்றாள்.

அன்றிலிருந்து இது எங்கள் குடும்பத்தின் ஆஸ்தான வேடிக்கைக் கதை. கல்யாணம், சீமந்தம், கிரகப்பிரவேசம், எதுவானாலும் பந்தியில் பெரியப்பா இதைச் சொல்லாமல் இலையை மடக்க மாட்டார். சொர்ணலதாவின் குரலில், அந்த 'ங்க்' எல்லாம் போட்டு, நடித்துக் காட்டுவார். பெங்களூரிலிருந்து வந்தவர்கள், அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள், ஒருவர் பாக்கியில்லாமல் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். அவளும் கதவோரம் நின்று சிரிப்பாள். "போங்கய்யா, எத்தன வருசத்துக்கு இதையே சொல்லுவீங்க!" என்பாள். இந்தக் கதையை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் எத்தனை வாய்கள் இதைச் சொல்லியிருக்கின்றன என்பதையும் சேர்த்து.

பெரியம்மாவின் முழங்கால் படுத்த ஆரம்பித்த பிறகு, பாத்திரம் தேய்த்தவள் நறுக்க வந்தாள். நறுக்க வந்தவள் தாளிக்க நின்றாள். ஒரு கட்டத்தில் தளிகை என்று நாங்கள் சொல்லும் மொத்தச் சமையலும் அவள் கைக்கு வந்துவிட்டது. பெருமாளுக்குப் படைத்துக் கண்டருளப் பண்ணும்முன் நாங்கள் ருசி பார்க்கக் கூடாது. அதனால் ஆவியை முகர்ந்தே உப்பு போதுமா என்று சொல்லப் பழகிக்கொண்டாள். எங்கள் வீட்டுச் சொற்களும் அவள் நாக்கில் ஒட்டிக்கொண்டன. சாத்தமது என்பாள், தீர்த்தம் என்பாள். பீன்ஸ் கறி என்று அவள் சொல்லும்போது எங்கள் வீட்டுப் பெண் சொல்வது போலவே இருக்கும். கற்றுக்கொடுத்தது நாங்கள்தானே.

ஆனால் வாடிக்கையாளர்களிடம் பெரியப்பா அவள் பெயரைச் சொன்னதே கிடையாது. எங்கள் விளம்பர அட்டையில் 'மேலுக்கோட்டைப் பரம்பரைச் சமையல்காரர்களின் கைப்பக்குவம், முழு மடி ஆசாரத்துடன்' என்று அச்சடித்திருக்கும். மேலுக்கோட்டையிலிருந்து வந்து கொண்டிருந்த சமையல்காரர்கள் இரண்டு பேரும் எப்போதோ பெங்களூருக்குப் போய்விட்டார்கள். அட்டை மட்டும் மாறவில்லை. ஹனூர்க்காரி ஒருத்தி சமைக்கிறாள் என்று தெரிந்தால் ஆர்டர் போய்விடும் என்று பெரியப்பாவுக்குப் பயம். "சொல்லாம இருந்தா பொய் இல்லைம்மா" என்பார். எனக்கு அப்போதே எரிச்சலாக வரும். அச்சடித்து ஊரெல்லாம் கொடுக்கிறது சொல்லாமல் இருக்கிறதா?

வைரமுடி சமயத்தில் மேலுக்கோட்டையில் ஒரு குடும்பத்தார் சத்திரம் பிடித்துத் ததியாராதனை வைத்தார்கள். வந்த பக்தர்களுக்கெல்லாம் சாப்பாடு. தளிகை எங்களுடையது. ஸுமந்துக்கு இன்ஸ்டாகிராமில் கேட்டரிங்கைத் தூக்கி நிறுத்த வேண்டும் என்று ஆசை. அதற்காகத் தன் அத்தை பிள்ளை ஸாரங்கை அழைத்துக்கொண்டு போனான். ஸாரங்க் சாஃப்ட்வேர்க்காரன், வெந்நீர் வைக்கத் தெரியாது. அவனுக்குப் பஞ்சகச்சம் கட்டி, பளிச்சென்று திருமண் இட்டு, கையில் பெரிய கரண்டியைக் கொடுத்து அண்டா பக்கத்தில் நிறுத்தி ரீல் எடுத்தான். பரம்பரைச் சமையல்காரராம்! அண்டாவில் வெந்துகொண்டிருந்ததை அதிகாலையிலிருந்து வேக வைத்தவள் சொர்ணலதா. அவளைக் காமெராவுக்கு வெளியே நிற்கச் சொல்லியிருந்தார்கள்.

ஆனால் அடுப்புக்குக் காமெரா தெரியாதே. பீன்ஸ் குழைந்துவிடப் போகிறதே என்று அவள் பொறுக்க முடியாமல் நடுவில் வந்து, ஸாரங்கை ஒரு பக்கம் தள்ளி, அண்டாவை முகர்ந்து பார்த்துவிட்டு, "பீன்ஸ் கறி வெந்துருச்சுங்க, மொதல்ல பெருமாளுக்கு எடுத்து வையுங்க!" என்று கத்தினாள். ஸாரங்க் திருதிருவென்று விழித்தான். ஸுமந்துக்கு அது தமாஷாகத் தோன்ற, அப்படியே போட்டுவிட்டான்.

இரண்டு நாளில் அது ஒரு ஃபேஸ்புக் பக்கத்தில் வந்தது. பக்கத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதற்கும் நாலு பேர் போய்ப் பார்ப்பார்கள். முன்னால் இருந்த 'பீன்ஸ்' இல்லை. ஸாரங்க் இல்லை. அண்டாவுக்குள் இருக்கும் பச்சை நிறம் தெரியாதபடி படத்தை இருட்டாக்கி, பின்னால் தடதடவென்று ஒரு மேளம் சேர்த்திருந்தார்கள். அவள் முகம் மட்டும் பெரிதாக. "கறி வெந்துருச்சுங்க, மொதல்ல பெருமாளுக்கு எடுத்து வையுங்க!" கீழே கன்னடத்தில் எழுத்து: 'மாமிசம் வெந்துவிட்டது, முதலில் கடவுளுக்கு எடுத்து வையுங்கள்.' அதற்கும் கீழே, வைரமுடி பக்தர்களுக்கு நடந்த துரோகம், இந்தப் பெண் யார், இவளை அனுப்பியது யார், எழுந்திரு மைசூரே!

மைசூர் எழுந்துவிட்டது. யோசிப்பதற்கு எழாத ஊர், இதற்கு எழுந்துவிட்டது.

எனக்கு அதை முதலில் காட்டியது என்னுடன் இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கும் ரூபா. நல்லவள், என் பெண்ணுக்குக் காய்ச்சல் என்றால் கஷாயம் போட்டுக்கொண்டு வருகிறவள். மத்தியானம் டப்பாவைத் திறக்கும்போது போனை நீட்டி, "பாருடி, எவ்வளவு திமிர்!" என்று கன்னடத்தில் சொன்னாள். எங்கள் வீட்டு அடுக்களை அது என்று அவளுக்குத் தெரியாது. சொர்ணலதாவின் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த கவளத்தை டப்பாவிலேயே போட்டேன்.

"முழு வீடியோவைப் பாத்தியா?" என்றேன்.

"இல்ல. ஆனா எல்லாரும் அனுப்பறாங்களே!"

"ஐயங்கார் அடுக்களையில, அண்டாவத் தொறந்து வெச்சு, காமெரா முன்னாடி நின்னுண்டு, மாமிசம் சமைக்கறேன்னு யாராவது கத்துவாளா? கொஞ்சம் யோசிச்சியா?"

நான் எங்கள் வீட்டுச் சொல்லை விளக்கினேன். பீன்ஸை விளக்கினேன். "அய்யய்யோ, பாவம்ல!" என்று அவள் நிஜமாகவே வருத்தப்பட்டாள். "சரி, நீ எந்தெந்த குரூப்புக்கு அனுப்பினியோ அங்கெல்லாம் இதையும் அனுப்பு" என்றேன். முகத்தைச் சுளித்தாள். "அதெல்லாம் எதுக்குடி, சும்மனே வீணா வாக்குவாதம் வரும்." பொய்யை அனுப்பும்போது வராத வாக்குவாதம் உண்மையை அனுப்பும்போது வந்துவிடுமாம். டப்பாவை மூடிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

அன்று சாயங்காலம் பெரியப்பா வீட்டுக்கு ஓடினேன். வாசலில் ஒரு கூட்டம் வந்து கத்திவிட்டுப் போயிருந்தது. பெரியப்பா கிரில் கேட்டைப் பூட்டிக்கொண்டு, உள்ளே நின்றபடியே, "அவ எடுபிடிதான், ஏதோ உளறிட்டா, அனுப்பிச்சுட்டோம்" என்று கை கூப்பியிருக்கிறார். ஸுமந்த் பயத்தில் முழு வீடியோவையும் அழித்துவிட்டான். ஊர் பார்க்கும்படி பீன்ஸ் என்ற சொல் இருந்த ஒரே வீடியோ அது! "எதுக்குடா அழிச்ச?" என்றால், "ஒண்ணுமே இல்லேன்னா அடங்கிடும்னு நெனச்சேன்" என்கிறான். வெட்டினவன் முதல் சொல்லை வெட்டினான், எங்கள் பிள்ளை மீதியையும் வெட்டிவிட்டான்.

நான் இருக்கும்போதே கொல்லைப்பக்கமாகச் சொர்ணலதா வந்தாள். எப்போதும் வருகிற வழிதான். அழுதிருக்கிறாள் என்று முகம் சொன்னது. ஆனால் எங்கள் முன்னால் அழவில்லை.

"அய்யா, எங்க சந்துல ஒருத்தரும் மொகங்குடுத்துப் பேசறதில்லீங்க. கொழாயில கொடத்த வெச்சா பக்கத்துக் கொடத்த நகத்திக்கறாங்க. வீட்டுக்காரரு காலி பண்ணுங்கறாரு. நீங்க ஒரே ஒரு வார்த்த சொன்னாப் போதுமுங்க. உங்கூட்ல கறின்னா காயின்னு. அது ஒண்ணுதானுங்க."

பந்தி பந்தியாக அதைச் சொல்லிச் சிரிக்க வைத்த மனிதர், வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தார். பெரியம்மா தரையைப் பார்த்தாள். கடைசியில் பெரியப்பா, "கொஞ்ச நாள் போகட்டும் சொர்ணா. இப்போ நான் வாயத் தொறந்தா, அப்போ சமைச்சது யாருன்னு எல்லாரும் கேப்பா" என்றார்.

அவ்வளவுதான் விஷயம்! மாமிசம் சமைக்கவில்லை என்று சொல்ல அவருக்குத் தயக்கமே இல்லை. இவள் சமைத்தாள் என்று சொல்லத்தான் தயக்கம். அட்டையில் அச்சடித்த பொய் இருக்கிறதே, அதைக் காப்பாற்ற வேண்டும். அதற்கு அந்த ஃபேஸ்புக் பக்கத்துக்காரனின் பொய்யை அப்படியே விட்டுவிட வேண்டும். சொர்ணலதாவுக்கு இது எவ்வளவு புரிந்தது என்று தெரியாது. "செரிங்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு வந்த வழியே போனாள். நான் கத்தினேன், பெரியப்பா செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

அதற்கு மேலும் ஒன்று செய்தார். வாடிக்கையாளர்கள் சமாதானமாக வேண்டும் என்று புரோகித வாத்தியாரை வரவழைத்து, அடுக்களைக்கும் அண்டாவுக்கும் புண்யாஹவாசனம் செய்தார். தீட்டுக் கழிக்கிற சடங்கு. மந்திரம் சொல்லி, மாவிலையால் தீர்த்தம் தெளித்து, அதைப் படம் எடுத்து ஸுமந்த் கேட்டரிங் பக்கத்திலும் போட்டான். பீன்ஸுக்குப் புண்யாஹவாசனம் செய்த குடும்பம் உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். நான் போகவில்லை. போயிருந்தால் அந்தக் கலசத்தைக் கவிழ்த்திருப்பேன்.

அந்த ஃபேஸ்புக் பக்கத்தில் விளம்பரத்துக்கு என்று ஒரு போன் நம்பர் இருந்தது. பிடித்துக்கொண்டு போனேன். மொபைல் கவரும் சார்ஜரும் விற்கிற ஒரு சின்னக் கடை. கடைக்காரர் மஞ்சுநாத்தான் அந்தப் பக்கத்தை நடத்துகிறவர். பூதத்தை எதிர்பார்த்துப் போனவளுக்கு, மூக்கைச் சிந்திக்கொண்டு ஸ்கிரீன் கார்டு ஒட்டிக்கொண்டிருந்த நடுத்தர வயசு ஆள்தான் கிடைத்தார். கொள்ளேகாலத்துப் பக்கம், அம்மா தமிழ்க்காரி. நான் தமிழில் ஆரம்பித்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"கறின்னா கறிதானுங்க்கா. எங்கூட்ல ஞாயித்துக்கெழம கறி எடுத்துட்டு வான்னா பீன்ஸா எடுத்துட்டுப் போவேன்?"

"அவ பீன்ஸ் கறின்னுதானே சொல்றா? பீன்ஸ எதுக்கு வெட்டினேள்?"

"எனக்கு வந்ததே அப்படி வெட்டித்தானுங்க. கன்னடத்துல எழுதுனது மட்டும் நானு. சத்தியமா அப்பத் தெரியாதுங்க. எனக்குத் தெரிஞ்ச தமிழ்ல அது மட்டன்தானுங்க."

இதை நான் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். சொர்ணலதா முதல் நாள் செய்த அதே பிசகு. அவள் உடனே வாயைத் திறந்து கேட்டாள், ஆட்டுக்கறியா கோழியா என்று. கேட்டதால் தெரிந்துகொண்டாள். இந்த ஆள் யாரையும் கேட்கவில்லை. அண்டாவை இருட்டாக்கியது யார் என்று கேட்டேன். "அது கொஞ்சம் எஃபெக்ட்டுக்குங்க" என்றார்.

"சரி, இப்போ தெரிஞ்சுடுத்தோல்லியோ? எடுங்கோ."

மஞ்சுநாத் தன் போனை எடுத்து எனக்கு ஒரு படம் காட்டினார். எங்கள் அடுக்களை. மாவிலை, கலசம், கை கூப்பி நிற்கும் பெரியப்பா.

"உங்க பெரியப்பாவே தீட்டுக் கழிச்சுட்டாருங்களே அக்கா. ஒண்ணும் நடக்காமயா கழிப்பாரு? இத விட நான் என்னங்க ஆதாரம் காட்டணும்?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் என்று போனவள் நான். எழுந்து வெளியே வந்துவிட்டேன். கேள்வி எங்கள் வீட்டுக்கு வர வேண்டியது, அதை எப்படி அவரிடம் கேட்பேன்?

நானே பதில் போட்டுப் பார்த்தேன். முழு வீடியோ ஸாரங்கின் போனில் இருந்தது. அதில் தான் அழகாக இருக்கிறோம் என்று பத்திரமாக வைத்திருந்தான். அதை வாங்கி, கன்னடத்தில் பொறுமையாக எல்லாம் எழுதி, என் பெயரில் போட்டேன். பொய்யைப் பார்த்தவர்கள் லட்சக்கணக்கில். இதைப் பார்த்தவர்கள் என் ஆபீஸ்காரர்களும் சொந்தக்காரர்களும். அதிலும் தெரியாத ஒருவர் கீழே எழுதினார்: 'பீன்ஸ் என்றால் எந்த மாமிசத்துக்குச் சங்கேதச் சொல்?' அதற்கு ஏராளமான பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். இரண்டாம் நாள் பெரியம்மா போன் செய்து, "கொழந்தே, பெரியப்பாவுக்கு பிபி ஏறறது, எடுத்துடேன்" என்று அழுதாள். நான் எடுக்கவில்லை. இன்னும் அங்கேயே இருக்கிறது. பார்க்கத்தான் ஆளில்லை.

சொர்ணலதாவும் பழனியும் மேட்டகள்ளி வீட்டைக் காலி செய்தார்கள். புது வீடு பார்த்த இடத்துக்கும் வீடியோ அவர்களுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. அந்தச் சந்துப் பிள்ளைகள் அவளைக் கண்டால் 'கறி ஆன்ட்டி, கறி ஆன்ட்டி' என்று பின்னால் ஓடிவருவார்கள். ஒரு நாள் நான் போயிருந்தபோதே நடந்தது. காய்கறிக்காரனை நடுநடுங்க வைத்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு எனக்குக் காப்பி போட்டாள். "நீ பேசுறதப் படம் புடிச்சுப் போடட்டுமா?" என்று கேட்டேன். "மறுக்காவும் காமெராங்களா? வேண்டாங்க்கா. அதுல நான் அழுதா அதையும் வேற எதுக்காச்சும் வெட்டிக்குவாங்க" என்றாள். பழனி மட்டும் சுவரைப் பார்த்தபடி, "உங்க பெரியப்பாகிட்ட ஒரு வார்த்த இல்லாமப் போச்சுதுங்களே" என்றான்.

இப்போது அவள் நஞ்சன்கூட்டில் ஒரு ஃபேக்டரி கேன்டீனில் சமைக்கிறாள். விடியற்காலை பஸ்ஸில் போகிறாள். அங்கே எல்லாம் கன்னடம்தான். காய்க்குப் பல்யா. அந்தச் சொல்லை அவளுக்காக யாரும் மாற்றி எழுத முடியாது.

கேட்டரிங் மறுபடி சூடு பிடித்தது. ஜனங்கள் மறந்துவிட்டார்கள், வேறு வீடியோ வந்துவிட்டது. ஆனால் கறமது வாயில் வைக்க முடியவில்லை. மூன்று சமையல்காரர்கள் மாறினார்கள், வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள். பெரியம்மா ஆள் அனுப்பி சொர்ணலதாவைக் கூப்பிட்டாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். நானும் அன்று அங்கே இருந்தேன்.

கொல்லைப்பக்கமாக வரவில்லை. வாசல் வழியாக வந்து, ஹாலில் நின்றாள்.

"பழசெல்லாம் மனசுல வெச்சுக்காதே சொர்ணா" என்றார் பெரியப்பா. "முன்ன மாதிரியே வந்துடு. உள்ளேயே இருந்துக்கோ, வெளியில எங்கயும் வர வேண்டாம். யாருக்கும் தெரியாது."

"வர்றனுங்க" என்றாள் அவள். பெரியம்மாவின் முகம் மலர்ந்தது. "ஆனா ஒண்ணுங்க. அய்யா வாசல்ல நின்னு, தெருவுக்குக் கேக்குற மாதிரி ஒருக்கா சொல்லணும். இவதான் எங்கூட்ல சமைச்சா, கறின்னா காயின்னு. சொன்னீங்கன்னா இப்பவே கரண்டியப் புடிக்கறனுங்க."

எல்லோரும் பெரியப்பாவைப் பார்த்தோம். அவர் தெருவைப் பார்த்தார். எதிர்வீட்டு மாடியில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.

"அதெல்லாம் இப்போ எதுக்கு? ஜனங்க மறந்துட்டாளே."

"ஜனங்க மறந்துட்டாங்க. எங்க சந்து மறக்கலீங்க."

அவர் வாய் திறக்கப் போவதில்லை என்று தெரிந்ததும், பெரியம்மாவிடம் மட்டும், "முட்டிக்கு எண்ண தேச்சுக்குங்கம்மா" என்று சொல்லிவிட்டு, வந்த வாசல் வழியாகவே போய்விட்டாள்.

மணி ஆயிற்று, தளிகை ஆயிற்று. பெரியம்மாவால் நிற்க முடியவில்லை, நான் பரிமாறினேன். பெரியப்பா ஸந்தியாவந்தனம் முடித்து, தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, தட்டைச் சுற்றித் தீர்த்தம் விட்டார். சாத்தமதுக் கிண்ணத்தை நகர்த்தியபடி, ஆயுள் முழுக்கக் கேட்ட மாதிரியே கேட்டார்.

"இன்னிக்கி என்ன கறி?"

எனக்குள் அத்தனை மாதமாக அடங்கியிருந்தது பற்றிக்கொண்டு வந்தது. கரண்டியைத் தட்டுக்கு மேல் பிடித்தபடி சொன்னேன்.

"ஆட்டுக்கறி, பெரியப்பா."

பெரியம்மா கையிலிருந்த தம்ளர் கீழே விழுந்தது. ஸுமந்த், "அக்கா!" என்று கத்தினான்.

"என்ன உளர்றே?" பெரியப்பாவின் கை தட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது.

"ஊர்ல எல்லாருக்கும் தெரியுமே. நம்மாத்துல கறின்னா மாமிசம்னு நீங்கதானே புண்யாஹவாசனம் பண்ணி ஊருக்குக் காட்டினேள்? ஃபோட்டோ இருக்கு, பாக்கறேளா?" என்று கேட்டுக்கொண்டே தட்டில் பரிமாறினேன். பச்சைப் பசேலென்று பீன்ஸ். "பயப்படாம சாப்பிடுங்கோ. வேணும்னா மாவிலை பறிச்சுண்டு வரேன்."

அவர் முகம் செத்துப்போயிற்று. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கறின்னா காய்டி" என்றார். "கறின்னா காய்தான்."

"எங்களுக்குத் தெரியும் பெரியப்பா. இங்க இருக்கற எல்லாருக்கும் தெரியும். வாசல்ல போய்ச் சொல்லுங்கோ."

சொர்ணலதா போகும்போது திறந்துவிட்டுப் போன கேட் இன்னும் திறந்துதான் இருந்தது. எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்தினவள் இப்போது உலர்ந்ததை மடித்துக்கொண்டிருந்தாள். பெரியப்பா ஒரு தடவை அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு ஸுமந்தைப் பார்த்து, "அந்த கேட்டைச் சாத்திட்டு வாடா" என்றார்.